அதிமதுரமும் அப்பாவின் பிரஷரும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? "நலம்" என்று நீங்கள் எழுதியதை இந்த முறை பாதிதான் நம்பினேன்.

எனக்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க போனில் பேசுகிற வேலையில் தொண்டை கட்டுகிறதென்று நீங்கள் அனுப்பிய அதிமதுரத்தை விடாமல் மென்றேன். தொண்டை சரியானது. இரண்டாவது மாதம் கால் வீங்கியது. முதலில் கேன்டீன் சாப்பாட்டு உப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம். காலைக் காட்டப் போனபோது இங்குள்ள டாக்டரம்மா பிரஷர் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "வாயில என்னம்மா, வந்ததுலேர்ந்து மென்னுக்கிட்டே இருக்கே?" என்றார். வேரைக் காட்டினேன்.

"நாலு நாள் மென்னா மருந்து. மாசக்கணக்கா மென்னா உடம்புல உப்பைத் தேக்கி பிரஷரை ஏத்திவிடும். தூக்கிப் போடு."

போட்டேன். வீக்கம் வடிந்துவிட்டது.

அப்புறம்தான் உங்கள் மேல் சந்தேகம் வந்தது. நீங்கள் அனுப்பிய பொட்டலம் ஏற்கெனவே பிரித்துக் கட்டியதாக இருந்தது; பாதி வேர் இல்லை. நீங்களோ பிரஷருக்கு மாத்திரை போடுகிறவர். பழைய செருப்பு இறுக்குகிறது, புதிது வாங்கினேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வருஷக்கணக்காகப் போட்ட செருப்பு எப்படி அப்பா திடீரென்று இறுக்கும்?

வேரை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அம்மாவின் பழைய சால்வை ஒன்றை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்; அம்மா வாசனை போய்விடும். இடைவேளை முடிந்து கூப்பிடுகிறார்கள். சால்வைக்குள் டாக்டர் எழுதிய பிரஷர் சீட்டையும் வையுங்கள். உங்கள் கையெழுத்தில் வரும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

அன்பு மகள்