தக்காளிப் படமும் ஈப்போ சம்பந்தமும்

கேமரன் மலை
14.10.1984

அன்பு மகள் சந்திரமதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் மழையும் குளிரும் எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன் வயிறும் சுகமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வயிற்றைத் தனியாக விசாரிக்கச் சொன்னது அவள்தான், நான் இல்லை. லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மற்ற நர்சுகள் லீவு கிடைத்தால் வீட்டுக்கு வருகிறார்களாம், நீ மட்டும் எந்த ஊரில் எதைத் தின்னத் திருவிழா வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து ரயில் ஏறுகிறாயாம், இது அவளுடைய நிரந்தரப் புகார். பிரான்சில் ஊரே கூடி ஒரே சட்டியில் ஆம்லெட் போட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை என்னோடு லோரி ஓட்டுகிறவர்களிடம் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை, அவ்வளவு பெரிய ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டது யார் என்று கேட்கிறார்கள், அதற்குப் பதில் எழுது, என் மானம் போகிறது. மலையிலிருந்து பாற்கட்டியை உருட்டிவிட்டு அதன் பின்னால் ஓடி விழுகிறவர்களைப் பற்றிப் படித்துவிட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கும்போது விழாமல் இருப்பதற்கே அவள் இத்தனை வருஷம் பாடுபட்டிருக்கிறாள், விழுவதற்கென்று ஒரு திருவிழாவா என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படி. நம் கருப்பையா கங்காணி உனக்கு ஈப்போவிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். பையன் பெயர் பசுபதி, பள்ளிக்கூட வாத்தியார். உன்னைக் கேட்காமல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் சொன்னோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனும் அப்பாவும் அம்மாவும் காடியை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பையனின் அம்மா அம்சவல்லி அம்மாளுக்குத் தாப்பா மலை ரோட்டு வளைவெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை, வழியில் காடியை நிறுத்தி நிறுத்தி வந்ததால் எங்கள் வீட்டுப் படி ஏறும்போதே முகம் பச்சையாக இருந்தது. அம்மா இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள், கேசரியும் உளுந்து வடையும் வைத்தாள், எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நர்சு உடுப்பில் நீ நிற்கிற படத்தை மட்டும் காட்டவேண்டும் என்று அம்மா காலையிலிருந்து எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள். அதைக் காட்டினேன், அம்சவல்லி அம்மாளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த உற்சாகத்தில் என் கை சும்மா இருக்கவில்லை, ஆகஸ்டு மாதம் ஸ்பெயினில் எடுத்து அனுப்பினாயே, தலை முதல் கால் வரை தக்காளி வழிய, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிய, அதையும் எடுத்து நீட்டிவிட்டேன்.

அந்த அம்மாள் படத்தைப் பார்த்ததும் ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தார். பெண்ணுக்கு எந்த இடத்தில் விபத்து நடந்தது, இப்போது நடக்க முடிகிறதா என்று கேட்டார். விபத்தெல்லாம் இல்லை, அது தக்காளி, அந்த ஊரில் வருஷத்தில் ஒரு நாள் தெருவில் நின்று ஒருவர்மேல் ஒருவர் தக்காளியை எறிந்துகொள்வார்கள், பெண்தான் முன் வரிசை என்று பெருமையாக விளக்கினேன். விபத்து என்றே விட்டிருந்தால் பரிதாபமாவது மிஞ்சியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தம்மாள் கப்பைக் கீழே வைத்துவிட்டு, “திங்கிற பொருள மிதிச்சு வெளையாடுற பொண்ணு நாளைக்கு எப்படிலா குடும்பம் நடத்தும்?” என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஏனென்றால் அந்தப் படம் வந்த நாளிலிருந்து இதே வார்த்தையை உன் அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தாள், கோலா தெர்லாவில் தக்காளித் தோட்டம் போடுகிறவர்கள் பார்த்தால் மண்வெட்டியோடு வருவார்கள் என்றுகூடத் திட்டினாள். ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து என்னை உரிக்கப் போகிறார்கள் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் உன் அம்மா திலகம் குரலை உயர்த்தவே இல்லை. வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “வருசம் பூரா அடுத்தவங்க ரத்தத்தத் தொடைக்கிற புள்ளைங்க அது. ஒரு நாளு தக்காளியப் பூசிக்கிட்டுச் சிரிச்சா, சிரிச்சிட்டுப் போகட்டுமே.” பையனின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மலை இறங்க நேரமாகிவிட்டது என்றார், எழுந்துவிட்டார்கள். பசுபதி மட்டும் கேசரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அவர்கள் போன பிறகு அம்மா அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டு, கை நழுவிப் போன சம்பந்தத்துக்காகக் கொஞ்சம் அழுதாள், பிறகு அந்தப் படத்தைக் காட்டியதற்காக என்னை நிறையத் திட்டினாள், பிறகு படத்தைத் துடைத்து உன் நர்சு படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னாள். பெண் மனம் எனக்கு என்றைக்குப் புரிந்தது, மாட்டிவிட்டேன்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன சனிக்கிழமை தானா ராத்தா பஸ் ஸ்டாண்டு பக்கம் லோரியை நிறுத்திவிட்டுக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன், யாரோ அங்கிள் என்று கூப்பிட்டார்கள், பார்த்தால் பசுபதி. தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறார். மாமா என்று கூப்பிடாமல் அங்கிள் என்றதிலேயே அடக்கமான பிள்ளை என்று தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தன் அம்மா பேசியதற்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு காதுவரை சிவந்துபோய், அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். நர்சு படம்தானே என்றேன், சும்மா சீண்டிப் பார்க்கத்தான். இல்லை அங்கிள், தக்காளிப் படம் என்றார். வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா திகைத்துப்போய் முதலில் சோறு போட்டாள், அவளுக்குத் திகைத்தால் சோறு போடத்தான் தெரியும். சாப்பிட்டபடியே பேசினார். டுரியான் பழக் காலம் வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போவாராம், மீன் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தக் கரைக்குப் போவாராம், ஆனால் வெளிநாடு போனதில்லையாம். அவருடைய அம்மாவுக்குச் சம்மதமா என்று திலகம் கேட்டாள். இன்னும் இல்லை, நான் பேசிக்கொள்கிறேன் என்றார், மழுப்பவில்லை, அது எனக்குப் பிடித்தது.

அப்புறம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். மகளே, நீ போன நாளிலிருந்து துரை பங்களா சமையல்காரர் முதல் கோயில் பூசாரி வரை என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, மகள் எப்போது திரும்பி வருவாள் என்று. நானும் அம்மாவும்கூட அதைத்தான் கேட்கிறோம். இந்தப் பிள்ளை, “அடுத்து எங்க போறாங்க அங்கிள்?” என்று கேட்டார். சுவிட்சர்லாந்தில் வெங்காயச் சந்தைக்கு என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே உன் அம்மா சொல்லிவிட்டாள், சொன்னதோடு நிற்காமல் காலண்டர் தாளைக் கிழித்து உன் விலாசத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னாள்.

ஆகவே ஈப்போவிலிருந்து ஒரு கடிதம் வரலாம். பதில் என்ன என்பது உன் இஷ்டம், எங்கள் முகத்துக்காக எதுவும் எழுதாதே, ஆனால் எதுவானாலும் மரியாதையாக எழுது. முருகன் உன்னை எந்த நாட்டுத் தெருவிலும் வழுக்கி விழாமல் காப்பாற்றட்டும். நத்தை மட்டும் சாப்பிடாதே என்கிறாள் அம்மா, சாப்பிட்டால் எனக்குத் தனியாக எழுது. ஆம்லெட் விஷயத்தை மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் கோரும் அப்பா,
நல்லுசாமி