அம்மாவின் ஒருசந்தி

மரியே வாழ்க

பலாபத்வல,
14.05.2025

அன்பு மகள் கெத்தரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ கண்டிக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். வீட்டில் பேனா தேடி அலுத்துப்போய், கடைசியில் ஓடர் எழுதுகிற கொப்பியிலிருந்தே தாளும் பேனாவும் எடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையே நான் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுகிறேனாம். நீ போனை வைத்துவிடுகிறாய். பிறகு நான் அழுகிறேன், உன் அப்பா வெளியே போய் ஓட்டோவைத் துடைக்கிறார். இதற்குக் கிளினிக்கில் உன்னோடு பேசுகிற நப்லா மிஸ் கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்தக் கடிதம். அதிலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது என்று சட்டம் வேறு. அப்பா வந்து சொன்னபோது எனக்கு நல்ல கோபம். விடியும் முன் எழும்பி அறுபது சோற்றுப் பார்சல் கட்டுகிறவளிடம் சாப்பாட்டை எடுத்துவிட்டால் வேறு என்ன செய்தி மிஞ்சும்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், மழையைத் தவிர ஒன்றும் வரவில்லை.

சரி, மழை. மூன்று நாளாக விடாமல் பெய்கிறது. எனக்கு வேலைக்குத் துணையாக வருகிற சுந்தரம்மா, அவளுடைய ஆட்டுக்குட்டியையும் நம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருகிறாள். கோயிலில் எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள். கண்டியில் கோர்ஸ் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

வியாழக்கிழமை கிளினிக்குக்கு அப்பா மட்டும்தான் வருவார். எனக்கு ஓடர் இருக்கிறது. உன்னை வீட்டில் வைத்துப் பார்க்கிற ஷெரோமி அத்தையை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அம்மா,
சவரியம்மா


கட்டுகஸ்தோட்டை,
21.05.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். நான்கு தடவை வாசித்தேன். ஆட்டுக்குட்டியைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.

கோர்ஸ் படிக்கிறேன் என்று சொன்னீர்களாம். அது பொய்யும் இல்லை. நான் சோறு சாப்பிடத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கதை சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள். (சட்டம் உங்களுக்குத்தான், எனக்கு இல்லை.)

போன வருஷம் தவக்காலத்தில் நான் ஒருசந்தி பிடித்து ஒரு வேளை மட்டும் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? ஏ.எல். படிப்பு, ரிசல்ட் பயம், எல்லாம் தலைக்குள் ஒரே இரைச்சல். ஒருசந்தி இருந்த நாட்களில் அந்த இரைச்சல் குறைந்தது. உயிர்த்த ஞாயிறு வந்ததும் எல்லோரும் ஒருசந்தியை விட்டுவிட்டார்கள். எனக்கு விடத் தெரியவில்லை. விட்டால் கெட்டவளாகிவிடுவேன் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் பதினோராம் ஸ்தலத்தில் நான் விழுந்தேனே, அதுவரை நான் பக்தியாக இருக்கிறேன் என்றுதான் நானே நம்பினேன். இது பிடிவாதம் இல்லை அம்மா. அழகுக்காகச் செய்ததும் இல்லை. வியாதி. அனொரெக்சியா என்று பெயர். மருந்து இருக்கிறது, பேச்சு இருக்கிறது, மணிக்கு மணி தட்டு இருக்கிறது. தட்டு முடியும் வரை ஷெரோமி அத்தை பக்கத்தில் இருந்து டிவி நாடகக் கதை சொல்வார்.

வியாழக்கிழமைகளில் குடும்பத்தோடு பேசுகிற ரூமில் மூன்று கதிரை போடுகிறார்கள். ஒன்று காலியாகவே இருக்கிறது. நப்லா மிஸ் ஒவ்வொரு முறையும் "அம்மா எப்ப வருவாங்க?" என்கிறார். அப்பா சுவரைப் பார்க்கிறார். ஒரே ஒரு வியாழன் வாருங்கள் அம்மா. எனக்கு நீங்கள் வேண்டும்.

உங்கள் மகள்,
கெத்தரின்


மரியே வாழ்க

பலாபத்வல,
04.06.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலைதான் காரணம் என்று எழுத நினைத்தேன். வேலை இல்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நான் அங்கே வந்து என்ன செய்ய? அந்த ரூமில் எல்லோரும் என்னைத்தானே பார்ப்பார்கள். இந்த ரோட்டில் போகிற லொறிக்காரனுக்கெல்லாம் சோறு போட்டாள், பெற்ற பிள்ளைக்குப் போடவில்லை என்றுதானே நினைப்பார்கள்? படித்தவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னால் முடிந்ததை நான் இங்கிருந்தே செய்துகொண்டிருக்கிறேன். அந்தோனியாரிடம் ஒரு காரியம் ஒப்படைத்திருக்கிறேன். அது அவருக்கும் எனக்கும் உள்ள விஷயம், நீ கேட்காதே. பதின்மூன்றாம் திகதி அவர் திருநாள். பார், உனக்குச் சுகம் கிடைக்கும்.

ஆட்டுக்குட்டி நான் சோறு சுற்றுகிற லஞ்ச் சீட் கட்டில் பாதியைத் தின்றுவிட்டது. சுந்தரம்மா "பச்சப் புள்ள மாதிரிக்கா, விடுங்க" என்கிறாள். பச்சைப் பிள்ளைதான். அதன் பால் பல்லைப் பிடுங்க வேண்டும்.

உன் அம்மா


கட்டுகஸ்தோட்டை,
13.06.2025

அம்மா,

இன்று உங்கள் அந்தோனியாரின் திருநாள். அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

நேற்று கிளினிக் முடிந்து அப்பா என்னை ஓட்டோவில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது அவர் முகம் சரியில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினேன். "ஒங்கம்மா நேந்துக்கிட்டாம்மா. நீ தேறி வீட்டுக்கு வர்ற வரைக்கும் பகல்ல தண்ணியத் தவிர ஒண்ணும் தொடமாட்டாளாம். முந்தாநாளு அடுப்படியில தல சுத்தி ஒக்காந்துட்டா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா" என்றார்.

ஒன்றரை மாதமாக நீங்கள் பகலில் சாப்பிடவில்லை. அறுபது பேருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறீர்கள். என் பெயரில்.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? அம்மா, நான் செய்ததும் இதுதானே. வயிற்றைக் காயப்போட்டுக் கடவுளோடு பேரம் பேசினேன். இப்போது நான் எடுக்கிற ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் உங்கள் வயிறு நிற்கிறது. "சீக்கிரம் தேறு, அம்மா பட்டினி" என்று என்னை அடிக்க, என் தலைக்குள் இருக்கிற குரலுக்கு நீங்களே புதுச் சவுக்கு கொடுத்திருக்கிறீர்கள். நேற்று இரவு நான் தட்டைத் தொடவில்லை. மறைக்காமல் நப்லா மிஸ்ஸிடம் போனில் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அம்மாக்கு எழுதுங்க, முழுசா எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

நீங்கள் பகலில் சாப்பிடும் வரை நான் வீட்டுக்கு வர மாட்டேன். நான் வரும் வரை நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். இரண்டு பேரும் இப்படியே இருக்கப் போகிறோமா?

கெத்தரின்


மரியே வாழ்க

பலாபத்வல,
18.06.2025

என் தங்க மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் உன் அப்பாவுக்குத்தான் நல்ல பேச்சு கொடுத்தேன். வாயில் ஒன்று நிற்கிறதா அந்த மனுஷனுக்கு? பிறகு அழுதேன். நீ அன்று இரவு தட்டைத் தொடவில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அது என்னால்.

ஆனாலும் நேர்ச்சை நேர்ச்சைதானே? நினைத்தபோது முறிக்க அது என்ன பழைய பாத்திரமா? ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் ஜீவராஜிடம் போய் நின்றேன். எல்லாம் கொட்டினேன். கொட்டத் தொடங்கிய பிறகு நான் யாரிடமும் சொல்லாததும் சேர்ந்து வந்துவிட்டது. உனக்கும் சொல்ல வேண்டும்.

போன வருஷம் நீ ஒருசந்தி பிடித்தபோது எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மாதா சபையில் எல்லாப் பெண்களிடமும், "எங்க கெத்தரினப் பாருங்க, இந்த வயசுல என்னா ஒறுத்தல்" என்று சொல்லித் திரிந்தேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். தவக்காலம் முடிந்த பிறகு உன் சட்டையை இரண்டு முறை நான்தான் பிடித்துத் தைத்தேன். இரண்டாவது முறை தைக்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது மகளே. ஊசி கையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கேட்டால் நான் அத்தனை பேரிடம் சொன்ன பெருமை போய்விடுமே என்று நூலை அறுத்துவிட்டு, "நல்லாருக்கு" என்றேன். அந்தப் பாவத்துக்குத்தான் பகல் சோற்றை விட்டேன். அந்தோனியாரிடம் உன் பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பட்டினி கெடக்குறது ஒங்களுக்கு லேசு சவரியம்மா. வேலையோட வேலையா கெடந்துருவீங்க. நேர்ச்சைய மாத்திக்கலாம், ஆனா லேசானதா மாத்தித் தரமாட்டேன். வியாழக்கெழம கண்டிக்குப் போயி அந்தக் கதிரையில ஒக்காருங்க. புள்ள சொல்றத வாயத் தொறக்காமக் கேளுங்க. இனி அதான் ஒங்க ஒருசந்தி."

எனக்குப் பகல் முழுக்கப் பட்டினி கிடப்பதே சுகமாகத் தோன்றியது. வேறு சலுகை உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாளைக்கு அறுபது பார்சலுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். வருகிற வியாழன், இருபத்தாறாம் திகதி, ஓடர் எடுக்கவில்லை. கடைக்காரர்களிடம் சொல்லியாயிற்று. வருகிறேன். நான் பயந்து பாதி வழியில் இறங்கிவிடக் கூடாது என்று நீயும் ஒரு வார்த்தை மன்றாடிக்கொள்.

உன் அம்மா,
சவரியம்மா


கட்டுகஸ்தோட்டை,
23.06.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வியாழன் பத்து மணி. கிளினிக் கேற் பக்கத்தில் நிற்பேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சட்டை விஷயம் எனக்குத் தெரியும் அம்மா. உங்கள் கை ஒரு நிமிஷம் நின்றது. நானும் அப்போது எதுவும் சொல்லவில்லை.

கெத்தரின்


மரியே வாழ்க

பலாபத்வல,
29.06.2025

அன்பு மகள் கெத்தரினுக்கு,

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் தூங்கினேன். பகலில் நான் தூங்கி நீ பார்த்திருக்கிறாயா? மனதிலிருந்த பாரத்தைக் கண்டியிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்ததுபோல் அப்படி ஒரு தூக்கம்.

நப்லா மிஸ் ஏதோ நரைத்த தலை, பெரிய கண்ணாடி, என்னை வாட்டி எடுக்கப் போகிறவர் என்று நினைத்திருந்தேன். சின்னப் பிள்ளையாக இருக்கிறாரே! நான் உட்காரும் முன்பே "மிஸ், தப்பு என்மேலதான்" என்று ஒப்பிக்கத் தொடங்கினேன். அவர் கையைப் பிடித்து, "யாரு தப்புன்னு பாக்க நாங்க இங்க வரல்ல. இனி என்ன செய்றதுன்னு பாப்போம், இருங்க" என்றார். பாதர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நீ சொல்வதைக் கேட்டேன். நாற்பது நிமிஷம். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை என்று உன் அப்பா வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். பிறகு நாம் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோமே, எனக்கும் ஒரு தட்டு வைத்தார்களே. இரண்டு மாதத்துக்குப் பிறகு என் முதல் பகல் சோறு. கையில் எடுத்துவிட்டேன், வாய்க்குப் போகவில்லை. நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். மெதுவாக, "அம்மா, ஆட்டுக்குட்டி இப்ப என்னா செய்யுது?" என்று கேட்டாய். நான் சொல்லிக்கொண்டே ஒரு வாய் போட்டேன். நீயும் போட்டாய்.

இரண்டு மாதம், அதுவும் பகல் மட்டும் விட்ட எனக்கே அப்படி என்றால், ஒன்றரை வருஷம் கிடந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தட்டும் எப்படி இருந்திருக்கும்? அதை எடுத்து வாயில் போடு என்று எவ்வளவு லேசாகச் சொன்னேன். மன்னித்துக்கொள் மகளே.

இன்று பூசைக்குப் பிறகு மாதா சபையில் சொல்லிவிட்டேன். "எம் புள்ளைக்கு வருத்தம். கோர்ஸ் ஒண்ணும் இல்ல. கண்டியில வைத்தியம் பாக்குறோம்" என்றேன். யாரும் மயங்கி விழவில்லை. உன்னோடு படித்த விதுஷாவின் அம்மா மட்டும் பஸ் ஹோல்ட் வரை கூடவே வந்து, நப்லா மிஸ்ஸின் நம்பர் கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். இனி எல்லா வியாழனும் வருவேன்.

உன் அம்மா


கட்டுகஸ்தோட்டை,
05.08.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாளை மறுநாள் பார்க்கத்தான் போகிறோம். ஆனாலும் இதை எழுதியே தீர வேண்டும். போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுதே காசை முடித்துவிடுவோம்.

முதல் செய்தி: வருகிற சனிக்கிழமை நான் வீட்டுக்கு வரலாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைகளில் மட்டும் வந்து போக வேண்டும். வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சில நாள் தட்டு மலை மாதிரி நிற்கும். அந்த நாட்களில் நான் சொல்லிவிடுவேன், நீங்கள் அடுப்படிக்குப் போகாமல் பக்கத்தில் உட்காருங்கள். அது போதும்.

இரண்டாவது செய்திதான் முக்கியம். இத்தனை நாளும் நான் மணி பார்த்துத்தான் சாப்பிட்டேன். மருந்துக் குளிசை போடுகிற மாதிரி. நேரம் வந்தது, தட்டு வந்தது, முடித்தேன். வயிறு என்று ஒன்று எனக்கு இருக்கிறதா என்பதே மறந்து போயிருந்தது. அது திரும்பி வரும் என்று நப்லா மிஸ் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன். நம்பவில்லை.

நேற்று டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பெரஹெர ஊர்வலத்துக்கு வந்த சனம், ரோட்டில் பாதி மூடியிருக்கிறது. பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் அரை மணி நேரமாக நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பேக்கரி. அப்போது என் வயிறு சத்தம் போட்டது அம்மா. சும்மா இல்லை, பக்கத்தில் இருந்த சிங்கள நோனாவுக்குக் கேட்கும்படியாக. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "படகினித துவே?" என்றார். பசிக்குதா மகளே என்று கேட்டார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எப்போதும் சொல்கிற பதில் நாக்கு நுனிவரை வந்தது. இல்லை, நான் இப்போதுதான் சாப்பிட்டேன். யார் யாரிடமெல்லாம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"ஓவ்" என்றேன். ஆமாம் என்று.

அவர் என் சீட்டில் தன் பையை வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கிப் போய் ஒரு மீன் பணிஸ் வாங்கி வந்து, பஸ்ஸிலேயே, அத்தனை பேர் நடுவிலும் உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டேன். நன்றாக உறைத்தது. நோனா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

அம்மா, எனக்குப் பசித்தது.

உங்கள் அன்பு மகள்,
கெத்தரின்