அறுநூற்றுப் பத்து மீட்டர்

நாள் 2911 — 06:10
காற்று மேற்கிலிருந்து, மணிக்கு 31 கிலோமீட்டர். வெப்பம் 9 பாகை. நேற்றைய புயல் ஓடுதளம் முழுவதையும் மணலால் மூடிவிட்டது. என்னை அழைத்துச்செல்லும் கலம் 2916ஆம் நாள் நண்பகலில் வரும். அது இறங்க எண்ணூறு மீட்டர் தளம் வேண்டும். சுற்றிக் காத்திருக்க அதனிடம் எரிபொருள் இல்லை. அடுத்த கலம் பதினோராண்டு கழித்து. எட்டாண்டுகளாக இக்கோளின் காற்றை அளந்துவரும் திருவம்பலம், வயது 72, இதை எழுதுகிறேன். மணலைத் தள்ள இருபத்துநான்கு குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று உண்டு. நான்கு நாள் போதும்.

நாள் 2911 — 19:40
போதாது. இருபது நிமிடம் ஓடுகிறது, இருமி நிற்கிறது. நாற்பது நிமிடம் கழித்தே மீண்டும் உயிர்க்கிறது. ஒதுக்கியது 80 மீட்டர்.

நாள் 2913 — 20:05
டீசல் வடிகட்டியை மாற்றினேன். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். காற்று வடிகட்டியைத் தட்டித் தூய்மை செய்தேன். டீசல் ஊற்றியவுடன் நன்றாக ஓடுகிறது. பிறகு அதே இருமல். டீசலே கெட்டதோ என்று ஐயுற்றேன். புயலின் மின்னலைகளால் வானொலியும் ஊமையாயிற்று. மாலைப் பதிகத்தில் ஓரடி மறந்துபோயிற்று. நாற்பதாண்டில் முதன்முறை.

நாள் 2915 — 09:30
வானொலி மீண்டது. கலத்தின் விமானி ஜெபமாலை தூத்துக்குடிக் கடற்கரைப் பெண். தந்தையின் வள்ளத்து என்ஜினோடு வளர்ந்தவர். டிராக்டரின் நோயை விவரித்தேன்.

"பெரியவரே, நின்ன ஒடனே டேங்க் மூடியத் தொறந்து பாத்தியளா?"

"இல்லையம்மா."

"தொறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்குதா?"

இப்போதுதான் ஓடி நின்றிருந்தது. திறந்தேன். "இழுக்கிறது."

"அப்போ மூடில இருக்க ஓட்டை அடைச்சிருக்கு. காத்து உள்ள போனாத்தான டீசல் கீழ எறங்கும்? மூடில என்ன இருக்கு?"

சந்தனம். குங்குமம். என் நாட்காட்டியின்படி ஒன்பது நாள்முன் ஆயுத பூஜை. நானே இட்ட பொட்டு. மூன்றுமுறை என்ஜின் முழுவதையும் துடைத்தேன். மங்கலப் பொட்டை அழிக்கலாகாது என்று அதைமட்டும் விலக்கித் துடைத்தேன்.

"பூசை போட்டு என்ஜின மூச்சுமுட்ட வச்சிட்டீயளே! எங்கப்பாவும் இப்படித்தான், மாதா படத்த ஓட்டை மேலயே ஒட்டுனாரு. நடுக்கடல்ல நின்னுட்டு, கரைக்கு வந்து ஆத்தா கிட்ட ஏச்சு வாங்குனாரு."

சிரித்தேன். என் சிரிப்பொலி எனக்கே அயலாக இருந்தது. ஊசியால் துளையைத் திறந்தேன். என்ஜின் நிற்கவில்லை. இதுவரை 330 மீட்டர்.

நாள் 2916 — 11:40
610 மீட்டர். கலம் அழைக்கிறது.

"புழுதில கீழ ஒண்ணும் தெரியல, பெரியவரே. நீளம் எவ்வளவு? எண்ணூறுன்னு சொல்லுங்க, எறக்கிருதேன்."

"உன் பின்னால் எத்தனை பேர் உறங்குகிறார்கள்?"

"முப்பத்தெட்டு பேரு. அத ஏன் இப்பக் கேக்குதீய?"

"அறுநூற்றுப் பத்து, அம்மா."

"கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்னவாம்? சாமி கோவிச்சுக்கிடுமா?"

"இறங்காதே."



"சண்டாளத்தனமா உண்மை பேசுதீயளே, ஐயா... பதினோரு வருசம். இருப்பீயளா?"

"இருப்பேன்."

உண்மை பேசியவுடனே ஒரு பொய்யும் பேசினேன். குறித்துக்கொள்க.

நாள் 2916 — 12:25
கலம் கடந்தது. மேகத்துக்கு மேலே ஓசை மட்டும் கேட்டது.

நாள் 2917 — 06:10
காற்று மேற்கிலிருந்து, 44. ஒதுக்கிய தளத்தில் பாதியை மணல் மீண்டும் மூடிவிட்டது. டிராக்டர் ஐந்து மணி நேரமாக, அசையாமல் நின்ற இடத்திலேயே ஓடுகிறது. ஒருமுறையும் நிற்கவில்லை. இனி அதற்கு வேலையில்லை. எரிவது கிணற்றில் நீர் இறைக்க வைத்திருந்த டீசல், அறிவேன். அணைக்கச் சென்றேன், சாவியில் கை வைத்தேன், திரும்பிவிட்டேன். இருமுறை. எட்டாண்டு இந்த அமைதியில் இறைவன் இருப்பதாக எண்ணி ஓதினேன். இப்போது அது வெறும்...

டீசல் மூன்று லிட்டர். காதை டிராக்டர்மேல் வைத்து எழுதுகிறேன். இன்னும் ஓடு...