மீன் ஆயும் காட்சி

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் தங்கை மகள் சுஹைனா கல்லூரிக்காக ஒரு திரில்லர் குறும்படம் எடுத்தாள். நடிக்க ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

காட்சி நம் அடுப்படியில்தான். நான் மீன் ஆய வேண்டும். கதவுக்குப் பின்னால் கத்தியோடு ஒருவன் நிற்பான். ஒவ்வொரு முறையும் கதவுப் பக்கம் பார்த்துவிட்டேன்.

"மாமி, அவன் நிக்கிறது படம் பாக்குறவங்களுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நீங்க பாட்டுக்கு மீன் ஆஞ்சாத்தான் அவங்களுக்குத் திக்திக்குன்னு இருக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் வீடியோ காலில் உங்களோடு பேசுகிற முகத்தை வைத்துக்கொண்டேன். அடுத்த டேக்கே ஓகே ஆகிவிட்டது.

"இதெல்லாம் எங்க மாமி கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். நான் மீனைக் கழுவப் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு அஜ்மீர் துபாய் திரும்புகிறார். அவரிடம் பார்சல் கொடுத்திருக்கிறேன். காரைக்கால்மேட்டில் வாங்கிய கருவாடு, மசாலாத் தூள், ஒரு சின்னக் கவுன். ஆண்கள் மட்டும் தங்குவதாக நீங்கள் சொன்ன அந்த ரூமில், உங்கள் முதுகுக்குப் பின்னால் கொடியில் காய்ந்ததைப் பார்த்துக் குத்துமதிப்பாக அளவு சொல்லித் தைத்து வாங்கினேன். பெரிதாக இருந்தால் பிள்ளைக்கு அடுத்த வருஷம் போடலாம்.

இப்படிக்கு,
காரைக்காலில் உள்ள உங்கள் மனைவி