பேஸ் பாக்ஸ் மேல் வைத்த கை

மேனாம்பேடு,
ஞாயிறு மதியம்

அன்புத் தம்பி வெற்றிச்செல்வனுக்கு அக்கா விஜி எழுதுவது. நைனா, அம்மா, நான் மூவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். மும்பையில் மழை விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடக்கிறாயா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். போனில் பேசலாம் என்றால் நைனா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் காலம் தள்ளியவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள், உனக்குத் தெரியாததா? நான் சொல்லப்போவது அவருக்குத் தெரியக் கூடாது.

உன் புதுப் பாட்டு வந்த அன்று நம் வீடு கல்யாண வீடாக இருந்தது. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். கீழ்வீட்டு சுசீலா அக்கா கேசரி கிண்டி எடுத்து வந்தார். நீ விட்டுப்போன பெரிய பேஸ் பாக்ஸில்தான், அந்த அதிர்கிற ஸ்பீக்கர் பெட்டியில்தான், பாட்டைப் போட்டோம். முன்பு இசை என்று அதிலிருந்து நீ கிளப்பிய சத்தத்துக்கு இதே சுசீலா அக்காதான், "இன்னாடா வெற்றி, கிரைண்டருக்குப் பேய் புட்ச்சிகிச்சா?" என்று மாடிப்படியில் நின்று கத்துவார். அம்மா தலைவலித் தைலத்தோடு அலைவாள். நைனா மட்டும் உன் அறைக்கு வந்து, அந்தப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைப் பாசத்தில் பொறுத்துக்கொள்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நீயும் அப்படித்தான் நினைத்தாய். "எங்கப்பா அந்த எரைச்சலை அவ்ளோ நாள் பொறுத்துக்கிட்டாரு, அவருக்காகத்தான் மெலடிக்கு வந்தேன்" என்று யூடியூப் பேட்டியில் நீ சொன்னதைக் கேட்டு அம்மா அழுதாள். பேட்டியில் மட்டும் நைனா அப்பா ஆகிவிட்டார், அது போகட்டும்.

பாட்டு நன்றாக இருந்தது, தம்பி. பொய் சொல்லவில்லை. நைனாவைப் பற்றி, அவர் சைக்கிளைப் பற்றி, வெறும் பியானோவோடு நீ மெல்லப் பாடப் பாட நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சுசீலா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நைனா வழக்கம்போலப் பெட்டி மேல் கையை வைத்திருந்தார். பாதிப் பாட்டில் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, இன்னும் போடலியா?" என்று கேட்டார்.

அதை எப்படி எழுதுவேன், போ! எங்கள் முகமெல்லாம் ஈரமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, "சோக்கா கீதும்மா, நல்லா பாடிகீறான்" என்று தலையை ஆட்டினார். பாட்டு முடிந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆவடியில் காது டாக்டரிடம் பிடிவாதமாக இழுத்துப் போனேன். மெல்லிசான சத்தத்தையெல்லாம் பிரஸ் எப்போதோ தின்றுவிட்டதாம். கனமாக உறுமுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். அதுவும் தேய்ந்துகொண்டே வருகிறது, காதில் மிஷின் வைத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லாதம்மா. எனக்கோசரம் பாடிகீறான், புள்ள மனசு ஒட்ஞ்சிரும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். இதோ சொல்லிவிட்டேன்.

இன்று காலை உன் பழைய சத்தம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் கம்பெனி வாசலில் நின்று பதிவு செய்து, இழுத்து நீட்டி என்னென்னமோ பண்ணி வைத்திருந்தாயே, அதுதான். படுத்திருந்த மனுஷன் எழுந்து வந்துவிட்டார், வெற்றி! பெட்டி மேல் கையை வைத்தார். "நம்ம பெரிய பிரஸ்ஸுடா இது!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். நாங்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்ட அந்தச் சத்தம் ஒன்றுதான் அவருக்குக் கேட்டிருக்கிறது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, சமையலறைக்குப் போய்விட்டேன்.

மெலடியை விடு என்று சொல்ல நான் யார்? அதில்தான் உனக்குப் பெயர், உன் குரலுக்கு ஊரே உருகுகிறது. நன்றாகப் பாடு. ஆனால் ஒரே ஒரு பாட்டு, வேறு யாருக்கும் பிடிக்காவிட்டாலும் போகிறது, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி செய்து எடுத்துக்கொண்டு வா. அனுப்பாதே, வா. பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. அந்த மிச்சமும் போவதற்குள் வந்துவிடு. நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

கெங்கையம்மன் உனக்குத் துணையிருப்பாள். நூறாண்டு நன்றாக இரு, சாமி.

உன் அக்கா,
விஜி

பி.கு.: இப்போதுதான் நைனா பக்கத்தில் வந்து நின்றார். காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். "பாட்டு நல்லா கேட்டுச்சுன்னு எழுதும்மா" என்றார். எழுதிவிட்டேன்.