பெருக்கில் தூக்கிய பலகை

நவம்பர் 14, வெள்ளி

தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு. பெருக்கில் கடல்நீர் உள்ளே ஏறும், வற்றில் இறங்கும். உப்பு மேலே வயல்களுக்குப் போகாமல் இருக்கத்தான் வாய்ப்பகுதியில் கதவுப் பலகைகள் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம், இறால் உள்ளே வரட்டும் என்று அப்பாவும் இன்னும் நான்கு பேரும் பெருக்கு நேரத்தில் இரண்டு பலகைகளைத் தூக்கினார்கள். நெல் கருகத் தொடங்கியதும் விசாரணை வந்தது. "உன்ரை தமிழ்தானே நல்ல தமிழ், நீயே எழுது" என்றார் அப்பா. கதவு பார்க்கும் மணியண்ணையின் கவனயீனம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். வெளியூர் அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது.

இன்று மணியண்ணைக்கு வேலை போய்விட்டது. பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். அவர் கோபிக்கவில்லை.

"என்ரை மகளின்ரை விண்ணப்பமும் நீர்தானே எழுதித் தந்தனீர். விசாரணையிலை கடிதத்தைக் காட்டினவை, எழுத்தைக் கண்டவுடனை தெரிஞ்சுது."

"அண்ணை, நான்..."

"ஒண்டுதான் பிள்ளை கேக்கிறன். நான் பலகை தூக்கினா வத்து நேரத்திலைதான் தூக்குவன், மழைவெள்ளம் கடலுக்குப் போக. பெருக்கிலை தூக்கிறவன் இறாலுக்குத்தான் தூக்குவான். உது உமக்குத் தெரியாதே?"

தெரியும். அதனால்தான் கடிதத்தில் நேரத்தை எழுதாமல் விட்டேன். இவ்வளவு புத்தகம் வாசித்தது, எதை எழுதாமல் விடுவது என்று பழகத்தானா?

இரவுச் சாப்பாட்டுக்கு இறால் குழம்பு. அப்பா எனக்கு இரண்டாம் முறையும் அள்ளிப் போட்டார். சாப்பிட்டேன்.