நீ பார்க்காத வயிறு

தோழி,

இன்று காலை நுணுக்குக்காட்டியில் மறுபடியும் அந்த மாதிரி ஒரு வயிற்றுத் துண்டு. உட்தோலின் குழிகள் சுருட்டை முடிபோல முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. கிருமியும் இல்லை, பெரிய அழற்சியும் இல்லை. மருந்து அரித்த வயிறு. நம் மேசைக்கு இது வராத வாரம் எது? என்னையறியாமல் இடத்தைக் காட்டும் வெளிச்ச அம்பைக் குழியின்மேல் நகர்த்திவிட்டு, "பாரடி" என்றேன். உன் பக்கத்துக் கண்வில்லைகளில் உறை போட்டிருக்கிறது.

இருவர் எதிரெதிரே இருந்து ஒரே துண்டைப் பார்க்கும் கருவி அது. நான் வெள்ளவத்தையிலிருந்தும் நீ கொட்டாஞ்சேனையிலிருந்தும் விழுந்தடித்து வந்து அதன் முன் உட்காருவோம். நான் முடிவைச் சொல்லுவேன், நீ "ஓம்" என்பாய், பிறகுதான் கையெழுத்து. இந்த வயிற்றுக்கு மட்டும் நீ லேசில் ஓம் சொல்லமாட்டாய். "கிருமியைத் தேடினது காணும். இனி ஆளைப் போய்க் கேப்பம், வா."

மாளிகாவத்தைத் தையல்கார அம்மாவை நினைவிருக்கிறதா? மருந்து எதுவும் எடுப்பதில்லை என்று வார்டில் சொல்லியிருந்தார். நோயாளியின் முகமே பார்க்காத தொழில் நம்முடையது. நீயோ என்னையும் இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாய். மருந்தைப் பற்றி மூச்சே விடவில்லை. "நாள் முழுக்க மெஷின் மிதிச்சா இடுப்பு நோகாதோ அம்மா?" என்றாய். அவர் உடனே தலையணைக்கடியிலிருந்து நோவுக்குப் போடும் குளிசை அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது மருந்தில்லையே மிஸ், கடையில வாங்குறதுதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. அவருடைய இடுப்பைத் தடவிக்கொடுத்தபடி கதைத்தாய்.

போன ஞாயிறு உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்தது. ஒரு வருடமாகியும் அந்த உறையை நான் கழற்றவில்லை. ஒருவர்தானே பார்க்கிறீர்கள், இதைக் கொடுத்துவிட்டுத் திரை வைத்த புதுக் கருவி எடுக்கலாமே என்கிறார்கள். மாட்டேன் என்று சண்டை பிடித்து வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குப் பிடிக்க முடியும் என்று தெரியவில்லை.

இன்று நானே எழுந்து வார்டுக்குப் போனேன். இந்த வயிற்றுக்காரர் ஹெந்தளையிலிருந்து வந்த வயதானவர். இவரும் மருந்து எதுவும் எடுப்பதில்லையாம். "எங்கை ஐயா நோகுது?" என்றேன். முழங்காலைக் காட்டினார். பிறகு இடுப்பில் சாரத்து மடிப்பை அவிழ்த்துக் குளிசையை எடுத்தார்.

திரும்பி வந்து உன் பக்கத்து உறையைக் கழற்றினேன். "முழங்காலடி" என்றேன். கையெழுத்துப் போடப் பேனையை எடுத்துவிட்டு, உன் ஓமுக்காகக் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டிருந்தேன்.